காகிதம் மட்டும்

திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு மணி

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நலம் என்பதை நேற்றுப் போனில் மூன்று பேர் குரலையும் கேட்டு நானே உறுதி செய்துகொண்டேன், அதனால் அதைக் கேள்வியாக எழுதவில்லை.

இன்று காலை பத்து நாற்பதுக்குத் தீயணைப்பு நிலைய அதிகாரி என்னிடம் நேரில் சொன்னது இது. போன புதன்கிழமை நம் தெருக்கோடியில் இருக்கும் குப்பை பிரிக்கும் கொட்டகையில் பிடித்த தீ வெளியிலிருந்து வந்ததல்ல. அட்டையையும் காகிதத்தையும் மெஷினில் அழுத்திக் கம்பி போட்டுக் கட்டுவார்களே, அப்படிக் கட்டிய மூன்றாவது பண்டலின் நடுவயிற்றில் தொடங்கியிருக்கிறது. பண்டலைப் பிரித்தபோது உள்ளே தீப்பெட்டி அளவில் கருகிய தகடு ஒன்று கிடைத்திருக்கிறது. அது என்ன என்பதைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் உறுதி. மற்றதெல்லாம் என் பயம்.

பயத்துக்குப் போவதற்கு முன் நீ ஒரு காரியம் செய்ய வேண்டும், படிப்பதை இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுச் செய். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு கார்டு அனுப்பினாயே, திறந்தால் உள்ளே சின்னத் திரையில் சின்னவள் கையை ஆட்டிக்கொண்டு தாத்தா தாத்தா என்று கூப்பிடுவாளே, அதே மாதிரி சம்பந்தி வீட்டுக்கு ஒன்றும் உன் வீட்டுக்கு ஒன்றும் சேர்த்து வாங்கினதாகச் சொன்னாய். உன் வீட்டுக் கார்டு எங்கே இருக்கிறது என்று தேடு. சின்னவள் கையில் இருந்தால் வாங்கு. சார்ஜ் போடாதே, அழுத்தாதே, மடக்காதே. நடுவில் உப்பலாக இருந்தால் வெளியே வெறும் கல்தரையில், துணியும் காகிதமும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வை, பிறகு பழைய பேட்டரி வாங்கிக்கொள்கிற இடம் உங்கள் ஊரில் எதுவோ அங்கே கேட்டுக்கொண்டு அவர்கள் சொல்கிறபடி செய். இது உப்பிய பேட்டரியை என்ன செய்வது என்று பொதுவாகக் கேட்டபோது அதிகாரி சொன்ன முறை, என் சொந்தச் சரக்கு இல்லை. சம்பந்தியம்மாவுக்கும் உடனே போன் செய், அவர்கள் அதை டிவி மேல் நிறுத்தி வைத்திருப்பதாகப் போன மாதம் என்னிடம் சொன்னார்கள். அவரைப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்க்காதே. பயப்படட்டும்.

இதைப் போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். நம் வீட்டில் போன் ஒன்று, அதற்குக் காது இரண்டு பேருடையது. அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், வருகிற செய்தியையெல்லாம் உரக்க வாசிப்பார். நேற்றுச் சின்னவள், தாத்தா அந்தக் கார்டைக் காட்டுங்க, நான் கையாட்டுறேனான்னு பாக்கணும் என்று கேட்டாளே, அப்பா எழுந்து போய் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, பாட்டி எங்கயோ பத்திரமா எடுத்து வெச்சிருக்கா கண்ணு, அடுத்த வாரம் காட்டுறேன் என்றாரே, அப்போது நான் ஏன் அடுப்படிக்குப் போனேன் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அங்கே போய்ச் சும்மா நின்றேன். குழாயைக்கூடத் திறக்கவில்லை. அதனால்தான் கையால் எழுதுகிறேன், ஜெராக்ஸ் கடைப் பெண் இதை ஸ்கேன் செய்து உன் மின்னஞ்சலுக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், ஆரம்பித்து வைத்தவளே நீதான். நீ வேலைக்குக் கிளம்பிப் போன வருஷம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன தாள், கழுவு, காயவை, பிரி என்று நீல மையில், இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது, ஓரம்தான் மஞ்சளாகிவிட்டது. நீ சும்மா ஒட்டிவிட்டுப் போனாய். முப்பத்தைந்து வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறித்த அப்பா கையில் அது சட்டமாகிவிட்டது. பால் கவரைக் கழுவி, கவிழ்த்துத் தண்ணீர் வடித்து, துணிக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைப்பார். மாடிவீட்டுக்காரி ஒருநாள் எட்டிப் பார்த்து, என்னண்ணே பால் கவருக்குத் தலை துவட்டி விடுறீங்களா என்று கேட்டாள், அவர் சிரிக்காமல், ஈரத்தோட அனுப்பினா சளி பிடிக்கும்மா என்றார். காய் கழுவின தண்ணீர் செடிக்கு, வாஷிங் மெஷின் தண்ணீர் பக்கெட்டில் பிடித்துத் தரை துடைக்க. ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிந்தால், இங்க யாரு உக்காந்திருக்கா, எனக்குத் தெரியலையே என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்பார். தீர்ந்துபோன பேட்டரிகளின் முனைக்கு டேப் ஒட்டி ஜாம் பாட்டிலில் போட்டு, மாதத்தின் முதல் சனிக்கிழமை அவரே கொண்டுபோய்க் கொடுப்பார். ஆகவே பேட்டரி என்றால் என்ன என்று தெரியாத வீடு இல்லை இது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒவ்வொரு பைக்கும் அவர் சீட்டு எழுதுவது நீ போன பிறகு வந்த வழக்கம். பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வீட்டு எண், தேதி, பிறகு கண்ணாடி மட்டும், பிளாஸ்டிக் மட்டும், காகிதம் மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு. மூன்று வருஷத்துக்கு முன் கொட்டகையில் அவருடைய பையைக் கொட்டிக் கலைத்துப் பார்த்ததை அவரே கண்ணால் பார்த்துவிட்டார், அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. மறுநாள் கொட்டகையின் மேஸ்திரியம்மாவிடம் போய், நான் எழுதினதுக்கு மேல உங்களுக்கு என்ன சந்தேகம் என்று சண்டை பிடித்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, சரிண்ணே, இனிமே உங்க பையில கை வெச்சா என் கையை வெட்டுங்க என்று சொல்லி அனுப்பினாள். நானும் அன்றைக்குச் சிரித்தேன்.

இனி தீக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை. அப்பா கண் டாக்டரிடம் போயிருந்தார், சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற சோதனை, வர நேரமாகும். நான் இழுப்பறையைத் துடைக்கலாம் என்று இழுத்தேன், அது பாதியில் சிக்கியது. கார்டுதான். இரண்டு மாதமாகவே அது ஓடவில்லை. ஓடாத கார்டை அவர் சில நாள் காலையில் காபி குடித்துவிட்டுத் திறப்பார், கறுப்பாக இருக்கிற திரையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார், மூடி வைப்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூடினாலும் மூடாமல் நடுவில் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது, மழைக்கு அட்டை ஊறிவிட்டது போல என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். வாசல் பக்கம் காகிதப் பை சீட்டு ஒட்டித் தயாராக இருந்தது. பையின் வாயைப் பிரித்து, நடுவில் பழைய பேப்பர்களுக்கிடையே கார்டைச் செருகினேன். அது நுழையவில்லை, முழங்கையால் அழுத்தினேன். உள்ளே ஏதோ மெத்தென்று அமுங்கியது. விரலில் நகப்பூச்சு மாதிரி இனிப்பாக ஒரு வாசனை. கையைக் கழுவினேன். அட்டை என்று நினைத்துப் போட்டேன் என்று எழுத வந்தேன், அதுகூடச் சரியில்லை. நான் எதையும் நினைக்கவில்லை. ஊரில் நடந்த தீ விபத்துகளைப் பத்திரிகையில் எத்தனை பத்தி எழுதியிருப்பேன், காரணம் என்ன காரணம் என்ன என்று எத்தனை அதிகாரிகளை நச்சரித்திருப்பேன், என் முழங்கைக்குக் கீழே இருந்ததை நான் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை வண்டி வந்து பையை எடுத்துப் போனது. பிற்பகல் மூன்று இருபதுக்குப் புகை. நம் பால்கனியிலிருந்தே தெரிந்தது, முதலில் வெள்ளையாக, பிறகு கறுப்பாக. பண்டல் அழுத்துகிற பிரஸ் மெஷினை ஓட்டுகிற பையனை நீ பார்த்ததில்லை, பையன் என்கிறேன், முப்பத்தாறு வயது, இரண்டு குழந்தைகள், உயரத்துக்கும் காலுக்கும் எல்லோரும் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பான். பண்டலுக்குப் பின்னால் தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்து பெண்கள் உட்கார்ந்து பாட்டில் மூடி பிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், வெளியே வர வழி பண்டலைத் தாண்டித்தான். கொக்கு எரிகிற பண்டலைக் கம்பியில் கை கொடுத்து முற்றம் வரைக்கும் இழுத்துப் போட்டிருக்கிறான். கம்பி எப்படிச் சுட்டிருக்கும் என்று பார்த்துக்கொள். ஐந்து பேரும் வெளியே வந்துவிட்டார்கள், அவர்களில் ஒருத்திக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை என்பதை மேஸ்திரியம்மாவும் ஆஸ்பத்திரி நர்ஸும் தனித்தனியாகச் சொன்னார்கள். அவனுக்கு இரண்டு உள்ளங்கையும் விரல்களும் வெந்துவிட்டன.

அவனுடைய சட்டைப் பையில் ஒரு லைட்டர் இருந்திருக்கிறது. அதுதான் இப்போது விவகாரம். கொட்டகையைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர், இவன் மெஷின் பக்கத்தில் சிகரெட் பிடித்துத் துண்டைப் பண்டலில் போட்டுவிட்டான் என்று எழுதிக் கொடுத்து, வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை. தவறு அவனுடையது என்று முடிந்தால் வேலையும் போகும், இனி எந்தக் கொட்டகையிலும் மெஷினைத் தொட விடமாட்டார்கள். நான் சனிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் மேஸ்திரியம்மாவைப் பார்த்தேன். அவள் கொதித்துப் போயிருந்தாள். லைட்டரு நைலான் கயித்து நுனியை உருக்கறதுக்குக்கா, அவன் சிகரெட்டை விட்டு நாலு மாசம் ஆச்சு, வாயில கிராம்பை அடக்கிக்கிட்டு எங்க எல்லாரையும் கடிச்சுத் தின்னுட்டிருந்தான் பாவி, இப்ப வந்து சிகரெட்டுன்னா எப்படிக்கா என்றாள். நான் பழக்க தோஷத்தில், அப்படின்னா பண்டலுக்குள்ள வேற என்ன போயிருக்க முடியும், எல்லாப் பையையும் பிரிச்சுப் பாத்துத்தானே போடுவீங்க என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். எல்லாப் பையையும் கொட்டிப் பாத்துருவோம்க்கா, உங்க வீட்டுப் பையைத் தவிர. அண்ணன் எழுதிட்டா அது எழுதினதுதான், நேரா பிரஸ்லதான். எங்க இடத்துல உங்க பைக்கு மட்டும் பாஸ்போர்ட்டு.

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு நகப்பூச்சு வாசனை திரும்பி வந்தது.

இன்று காலை தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன், அப்பாவிடம் நூலகம் என்று சொல்லிவிட்டு. அதிகாரிக்கு என்னைப் பழைய நாளிலிருந்து தெரியும், இன்னும் ரிடையர் ஆகலியாம்மா நீங்க என்று கேட்டுக்கொண்டே நாற்காலி போட்டார். கடித ஆரம்பத்தில் எழுதினதையெல்லாம் சொன்னார். பிறகு தன் போனில் ஒரு படம் காட்டினார், பண்டலில் கருகாமல் மிஞ்சிய துண்டுகள். அதில் ஒன்று காலண்டர் தாள். வீட்டு எண் எரிந்துவிட்டது. 'கிதம் மட்டும்' என்பது மிச்சம், கீழே கோடு. எந்த வீடுன்னு தேடிட்டிருக்கோம், கையெழுத்து நல்லா முத்து முத்தா இருக்கு பாருங்க என்றார். நாற்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற கையெழுத்தை நான் பார்த்தேன். ஆமாம், நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மகளே, என் தொழிலில் நான் பொய் எழுதியதில்லை. இன்றைக்கு நான் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கேவலமாக ஒன்றைச் செய்துவிட்டு வந்தேன்.

இதில் எதற்குப் பயப்படுகிறேன் என்று கேட்டால், எனக்குத் தண்டனை வருமே என்பது கொஞ்சம்தான். கொக்கின் கை அதைவிட அதிகம். எல்லாவற்றுக்கும் மேலே அப்பா. அவருக்குக் கார்டு விஷயம் தெரியாது, ஆனால் தீ பிடித்த நாளிலிருந்து ஒரு பையை மூன்று தடவை பிரித்துப் பிரித்துக் கட்டுகிறார். நேற்று மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து, செவ்வாக்கிழமை கண்ணுல மருந்து ஊத்திட்டு வந்தேனே, எல்லாம் மங்கலா இருந்துச்சு, சாயங்காலம் நான் ஏதாச்சும் பையை மாத்திப் போட்டுட்டேனா, உனக்கு ஞாபகம் இருக்கா என்று என்னைக் கேட்டார். இல்லை, நீங்க ஒண்ணும் போடலை என்றேன். நிச்சயமா என்றார். நிச்சயமா என்றேன். பிறகும் அவர் முகம் தெளியவில்லை. தன் கண்ணையும் தன் புத்தியையும் சந்தேகப்பட ஆரம்பித்திருக்கிறார், சந்தேகத்தைத் தீர்க்கிற வார்த்தை என் வாயில் இருக்கிறது, நான் மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சீட்டை வைத்து அவர்கள் இந்த வீட்டுக் கதவைத் தட்டினால், நான் வாய் திறக்கும் முன் அவர், நான்தான் என்று ஒப்புக்கொண்டுவிடுவார். அவரை எனக்குத் தெரியும்.

அதே நாள், மாலை ஆறரை

மேலே எழுதினதைக் கிழிக்கவில்லை, திருத்தவும் இல்லை, அந்த நேரத்தில் இருந்தது அதுதான். கடைசி வரியை எழுதியபின் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கொடியிலிருந்து பால் கவர்களை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். உட்காருங்க என்று சொல்லி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், இழுப்பறையிலிருந்து போட்டோ வரைக்கும். முடித்தபின், காகிதம் மட்டும்னு எழுதியிருந்தேனே என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை. பால் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரம் சேர்த்து அடுக்கினார், அடுக்கிவிட்டு, அப்ப நான் இல்லையே என்று கேட்டார். நீங்க இல்லை என்றேன். மூச்சை விட்டார். உடனே, சின்னது அதுல கையாட்டுமே, அதுவும் போச்சா என்றார். அது எங்கேயாவது உன்னிடம் இருக்கிறதா என்று பார், கார்டு வேண்டாம், வெறும் படமாக அனுப்பு.

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் போட்டதுக்கு நீங்க எதுக்கு என்றேன். என் பையைத் தொடக் கூடாதுன்னு சண்டை போட்டது நான்தானே, அதையும் எழுதிக் கொடுக்க வேணாமா என்றார். நாலு பத்துக்கு இருவரும் தீயணைப்பு நிலையத்தில் இருந்தோம். நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அதிகாரி படித்துவிட்டு, காலையிலயே சொல்லியிருக்கலாமேம்மா என்றார், சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் சொன்னது: இது பதிவாகிவிட்டது, விசாரணைக்கும் போகும், ஆனால் கருகிய தகடு உங்கள் கார்டின் பேட்டரிதான் என்று பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை சொன்னால்தான் அந்த ஆள் மேல் இருக்கிற பழி முழுசாக நீங்கும். அதற்கு அந்தக் கார்டில் என்ன பேட்டரி, என்ன அளவு என்று தெரிய வேண்டும். நீ ஆர்டர் செய்த பக்கம், பில், கம்பெனி அனுப்பிய கடிதம், எது கிடைத்தாலும் நாளை உங்கள் ஊர் காலையிலேயே அனுப்பு. போனிலேயே அனுப்பலாம், இனி ஒளிக்க ஒன்றுமில்லை.

வழியில் கொட்டகைக்கும் போனோம். மேஸ்திரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிரிக்காம விட்டது நாங்கதானேக்கா என்றாள். உடனே நிமிர்ந்து, ஆனா அவன்கிட்ட இதை நீங்களே போய்ச் சொல்லணும், என் வாயால சொல்ல மாட்டேன், அவன் கையைப் பாத்துக்கிட்டே சொல்லுங்க என்றாள். நாளை நாலு மணிக்குப் பார்வை நேரம். போகிறோம். அவன் என்ன சொல்வானோ தெரியாது.

திரும்பி வந்ததும் அப்பா நாளைக்குப் போக வேண்டிய பைக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார். வீட்டு எண், தேதி. பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். பிறகு, பிரித்துப் பார்க்கவும் என்று எழுதிக் கீழே கோடு போட்டார்.

நீ இந்த வழக்கத்தை விட்டுவிடாதே, அதற்காக இதை எழுதவில்லை. கழுவு, காயவை, பிரி. அதோடு இன்னொன்று சேர்த்துக்கொள்: பாடுகிறது, மின்னுகிறது, பேசுகிறது எதுவானாலும் உள்ளே பேட்டரி இருக்கும், அது பொம்மையானாலும் செருப்பானாலும் அட்டையானாலும். சின்னவளுக்கும் சொல்லிக் கொடு, பயமுறுத்தாமல் சொல்லு. சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்ததும் ஆச்சு என்று ஒரு வார்த்தை அனுப்பு, அது வரும் வரை நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், கை கால் சுகத்தோடு நன்றாக இருக்க வேண்டும். கை என்று எழுதும்போது எனக்கு வேறு கை நினைவு வருகிறது.

தெரிய வேண்டியவை இவை. கூடத்தின் அறிக்கை புதன்கிழமை மாலைக்குள் என்று அதிகாரி சொல்கிறார். விசாரணை வியாழன் பதினொரு மணி, நாங்கள் இருவரும் பத்தரைக்கே போய்விடுவோம். கொக்கின் கைக்கட்டுகளை வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரிக்கிறார்கள், விரல்கள் மடங்குமா என்பது அப்போதுதான் தெரியும் என்று நர்ஸ் சொன்னாள்.

உன் அம்மா